சீரோடு வந்த மீன் தொட்டி

என் மகனுக்குக் கல்யாணம் ஆனபோது பெண் வீட்டிலிருந்து வந்த சீரில் கட்டில், பீரோ, மிக்சி, கிரைண்டர் எல்லாம் இருந்தன. கூடவே ஒரு மீன் தொட்டியும் இருந்தது. மினி வேனில் பீரோவுக்கும் மெத்தைக்கும் நடுவே போர்வை சுற்றி நிற்க வைத்துக் கொண்டுவந்தார்கள். இறக்கும்போது தெருவே கூடிவிட்டது.

"கண்ணாடி பொட்டி எதுக்கு? மாப்ளைய உள்ள போட்டு பூட்டறதுக்கா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். என் மகனும் சிரித்தான்.

தொட்டி வேனில் வந்தது. மீன்கள் பெண்ணோடு காரில் வந்தன. ஐயங்கார்குளத்திலிருந்து எங்கள் ஊர் வரைக்கும் பட்டுப்புடவையும் மாலையுமாக உட்கார்ந்து, மடியில் தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் கவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். காரை விட்டு இறங்கியபோது குனிந்த தலை நிமிரவில்லை. என்ன அடக்கம், என்ன வெட்கம் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். நான் பக்கத்தில் நின்றதால் பார்த்தேன். அவள் கவருக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கவருக்குள் நான்கு மீன்கள். இரண்டு ஆரஞ்சு நிறம். ஒன்று வெள்ளை, தலையில் மட்டும் குங்குமத்தை அப்பியது போலச் சிவப்பு. நான்காவது கருப்பு. கண்கள் இரண்டும் வெளியே பிதுங்கி, வால் பாவாடை மாதிரி விரிந்து, உடம்பு முழுக்க அடுப்புக்கரி நிறம். கட்டைவிரல் அளவு இருக்கும்போது வாங்கி அவள் தன் கையாலேயே வளர்த்தது அது.

தொட்டியை எங்கே வைப்பது என்பதை முடிவு செய்தவர் என் நாத்தனார். என் கணவருக்கு அக்கா, அடுத்த வீடு. எங்கள் வீட்டில் எது எங்கே இருக்க வேண்டும் என்று எப்போதும் அவர்தான் சொல்வார்.

"வாசல பாத்து வெய்ங்க. வர்றவங்க கண்ணு மொதல்ல மீனு மேல உழட்டும். அப்போ வூட்டு மேல உழாது" என்றார்.

அப்படியே வாசலுக்கு நேர் எதிரே வைத்தார்கள். பூசணிக்காய் கட்டுகிற வேலையை மீன்களுக்குக் கொடுத்தோம்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. சின்ன வயதிலேயே அப்படித்தான். ஐந்தாம் வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்டால், பதில் தெரிந்தும் எழுந்து நின்று காலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கல்யாணமாகி வந்த வீட்டில் என் கணவரும் நாத்தனாரும் எல்லாருக்கும் சேர்த்துப் பேசிவிடுவதால் எனக்குப் பேச வேண்டிய தேவையும் வரவில்லை. வந்த மருமகளும் என்னைப் போலவே. இரண்டு வாயில்லாப் பூச்சிகள் ஒரே சமையலறையில். உளுந்து எங்கே இருக்கிறது என்று கேட்கமாட்டாள், ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்ப்பாள். மூன்றாவது தட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் வராது. அவள் கண்டுபிடிக்கும் வரை நான் வெங்காயத்தை உரித்துக்கொண்டிருப்பேன். கோபமோ மனத்தாங்கலோ ஒன்றும் கிடையாது. யார் முதலில் பேசுவது என்றுதான் தெரியவில்லை.

ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. பிரசவத்துக்கு அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக எல்லாரும் வந்திருந்தார்கள். கார் வாசலில் நிற்கிறது, அவள் கைநிறைய வளையலோடு தொட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் பூவும் பழமும் எடுத்துக்கொண்டு போனேன்.

"அத்தே" என்றாள். அவளாக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை போல எனக்குப் பட்டது. "தீனி ரெண்டு வெரல்ல புடிக்கிற அளவு போட்டா போதும். நாலையும் பாத்துக்கோங்க. கருப்பு மட்டும் கொஞ்சம் பயந்த சுபாவம்."

"ம்" என்றேன்.

கார் போன பிறகு வீட்டுக்குள் வந்து பார்த்தால் கருப்பு கண்ணாடியோரம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் என்னை நம்பி விட்டுப்போன முதல் பொருள் இது. குழந்தையோடு அவள் திரும்பி வரும்போது இந்த நான்கும் இதே மாதிரி நீந்திக்கொண்டிருக்க வேண்டும். அதுவும் இந்தக் கருப்பு. அன்றிலிருந்து வேறு எந்தக் கவலையும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

வளைகாப்புக்கு வராதவர்கள் எல்லாரும் அதன் பிறகு விசாரிக்க வந்தார்கள். வந்தவர்களின் கண் முதலில் மீன் மேல்தான் விழுந்தது, நாத்தனார் சொன்னபடியே. கண்ணோடு கையும் போனது. பிள்ளைகள் கண்ணாடியில் டொக் டொக் என்று தட்டினார்கள். பெரியவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். தட்டும்போதெல்லாம் மீன்கள் சிதறி ஓடின. அதைப் பார்த்து, "தோ பாரு, நம்மள பாத்து ஆடுது!" என்று சந்தோஷப்பட்டார்கள். தட்டாதீர்கள் என்று சொல்ல வேண்டும். வந்தவர்களிடம் எப்படிச் சொல்வது? காபி கொண்டுபோய்க் கொடுத்தால் கை தட்டுவதை விட்டு டம்ளரைப் பிடிக்கும் என்று காபியாகப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த மாதம் வீட்டில் சர்க்கரை சீக்கிரம் தீர்ந்தது.

ஒருநாள் தென்னேரியிலிருந்து வந்த உறவுக்காரம்மா பையிலிருந்து பொரியை எடுத்து இரண்டு பிடி தொட்டிக்குள் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. மீனைக் கண்டால் பொரி போடுவது புண்ணியம் என்று கோயில் குளத்துப் படிக்கட்டில் நின்று பழகிய கை நம் எல்லாருடைய கையும். மறுநாள் காலையில் பார்த்தால் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி கலங்கிவிட்டிருந்தது.

அழுக்குப் பாத்திரத்தைக் கண்டால் நான் என்ன செய்வேனோ அதையே செய்தேன். மீன்களைத் தண்ணீர் நிறைத்த அன்னக்கூடையில் விட்டுவிட்டு, தொட்டியில் ஒரு சொட்டு விடாமல் இறைத்தேன். தேங்காய் நார் போட்டுக் கண்ணாடியைத் தேய்த்தேன். ஃபில்டருக்குள் இருந்த பஞ்சு பழுப்பேறிக் கிடந்தது. அதைக் குழாயடியில் அடித்துத் துவைத்து, வெளுக்கிற வரைக்கும் பிழிந்து, கொடியில் காயப்போட்டேன். குழாயில் வந்த தண்ணீரையே பிடித்து நிரப்பினேன். அன்றுதான் பஞ்சாயத்தில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தார்கள், வாசனை மூக்கில் ஏறியது. சுத்தமான தண்ணீர் என்று எனக்கு அதில் ஒரு திருப்தி வேறு. பொங்கலுக்குக் கழுவிவிட்ட வீடு மாதிரி தொட்டி பளபளத்தது.

மீன்கள் பளபளக்கவில்லை. ஆரஞ்சு இரண்டும் தரையோடு தரையாகப் போய் உட்கார்ந்தன. வெள்ளை, கூழாங்கல்லில் உடம்பை உரசி உரசிப் போனது, அரிப்பெடுத்த மாடு தூணில் தேய்ப்பது போல. செவுள் படபடவென்று அடித்துக்கொண்டது. கருப்பு மூலையில் முகத்தை வைத்துக்கொண்டு, விரிந்த வாலையும் துடுப்பையும் மழைவிட்ட பிறகு குடையை மடித்தாற்போல மடித்துவைத்துக்கொண்டு நின்றது. தீனி போட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் மருமகள் என் கணவரின் போனில் வீடியோவில் கூப்பிட்டாள். மாமாவிடம் நலம் விசாரித்துவிட்டு, மீனைக் காட்டச் சொன்னாள். அவர் போனை என் கையில் திணித்துவிட்டார். தொட்டிக்கு எதிரே பிடித்தேன். அந்தப் பக்கம் அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"அத்தே, துடுப்ப மடிச்சி வெச்சிக்கினு கீது பாருங்க" என்றாள். "அது நல்லா இருந்தா விரிச்சிக்கினு இருக்கும். பயந்துட்டா இப்டி மடிச்சிக்கும். தண்ணி மாத்தினீங்களா?"

"ம்."

"எல்லாத்தையுமா?"

"ம்."

"பஞ்ச தொவச்சீங்களா?"

"வெள்ள வெளேர்னு ஆவறவரைக்கும்" என்றேன். எனக்கே என் குரல் அழுகிற மாதிரி கேட்டது.

திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள். "நானும் மொத தபா இப்டித்தான் பண்ணேன் அத்தே. சோப்பு வேற போட்டேன். எங்கம்மா அடிக்க வந்துட்டாங்க."

பிறகு பொறுமையாகச் சொன்னாள். தண்ணீரை முழுக்க மாற்றக் கூடாது, வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு எடுத்தால் போதும். புதுத் தண்ணீரை ஒருநாள் பக்கெட்டில் திறந்து வைத்து, பிளீச்சிங் வாசனை போன பிறகு ஊற்ற வேண்டும். பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே லேசாக அலச வேண்டும், அதில் இருக்கிற பழுப்புதான் தண்ணீரைக் கெடாமல் வைத்துக்கொள்கிறது. அழுக்கில் நல்லது இருக்கிறது என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. உத்திரமேரூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மீன் கடை இருக்கிறது, அங்கே பிளீச்சிங்கை முறிக்கிற மருந்துச் சொட்டு கிடைக்கும் என்றும் சொன்னாள்.

மகன் விடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்விடுவான். என் கணவருக்கு முழங்கால் வலி. மறுநாள் நானே கிளம்பினேன். கடைத்தெருவுக்குத் தனியாகப் போய் ஒரு பொருளைக் கேட்டு வாங்கியது என் வாழ்க்கையில் எண்ணிவிடுகிற அளவுதான். தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் ஒரு சின்ன பாட்டிலில் பிடித்துக்கொண்டேன். டாக்டரிடம் போனால் வியாதிக்காரனைக் காட்ட வேண்டாமா?

கடைக்காரப் பையனுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். பூரி பொட்டலத்தைப் பிரித்து நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் பாட்டிலை அவன் முன்னால் நீட்டினேன்.

அவன் பாட்டிலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஆயா, லேப்பு எதிர்ல கீது" என்றான்.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "இது மீனு தண்ணி" என்று எப்படியோ சொல்லிவிட்டேன். பூரி புரையேறும் வரைக்கும் சிரித்தான். பக்கத்துப் பூக்கடைக்காரம்மாவும் சிரித்தார். நானும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு பேசுவது கொஞ்சம் சுலபமாக இருந்தது.

ஒரு காகிதத் துண்டைத் தண்ணீரில் நனைத்து நிறம் மாறுகிறதா என்று பார்த்தான். சொட்டு மருந்து கொடுத்தான். பிறகு கேள்வி கேட்டான். "வெயில் நேரா உழுதா? டிவி பக்கத்துல கீதா? கண்ணாடிய தட்றாங்களா? புகை கிகை போவுதா?"

"தட்றாங்க" என்றேன். "புகை இல்ல, கேஸ் அடுப்பு."

"தொட்டிய வாசல்கிட்ட வெச்சிக்கினு கீறீங்களா?"

எப்படித் தெரிந்ததோ. தலையாட்டினேன்.

"எல்லா வூட்லயும் அங்கதான் வெக்கிறாங்க. வர்றவன் போறவன் நெழலு உழுந்துக்கினே இருந்தா அது எப்டி ஆயா நிம்மதியா இருக்கும்? உள்சுவத்துப் பக்கம் வெய்ங்க. ஒளிய ஒரு எடம் குடுங்க. மீனுக்கு பேஜார் குடுக்காம இருந்தாலே பாதி வியாதி வராது. மருந்தெல்லாம் அப்பால."

மகனுக்கு லீவு நாள் வந்ததும் முதல் வேலையாகத் தண்ணீரைப் பாதி குறைத்து, தொட்டியை உள்சுவர்ப் பக்கம் நகர்த்த வைத்தேன். பின்பக்கம் ஒரு பழைய நீலத் துணியை மறைப்பாகக் கட்டினேன். உடைந்த மண்சட்டியின் பாதியை நன்றாக ஊறவைத்துக் கழுவி உள்ளே கவிழ்த்தேன். கருப்பு அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் மூக்கை மட்டும் வெளியே நீட்டியது, புதுவீடு குடிவந்தவர் வாசலை எட்டிப் பார்ப்பது போல. நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

அதன் பிறகு காலையில் எழுந்ததும் தொட்டியின் முன் நிற்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. முதலில் நான்கும் இருக்கிறதா என்று பார்ப்பேன். துடுப்பு விரிந்திருக்கிறதா, செவுள் நிதானமாக அசைகிறதா, யாராவது மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறார்களா, யாராவது தனியாக மூலையில் நிற்கிறார்களா. பார்க்கப் பார்க்க அவர்கள் குணம் தெரிந்தது. ஆரஞ்சு இரண்டும் தின்பதற்கே பிறந்தவை. வெள்ளைக்கு எப்போதும் கல்லைக் கிளறிக்கொண்டிருக்க வேண்டும். கருப்புக்குச் சரியாகக் கண் தெரியாது, தீனி அதன் மூக்குக்கு முன்னால் விழுந்தால்தான் கிடைக்கும். மற்ற மூன்றையும் தீனி காட்டி ஒரு பக்கம் இழுத்துவிட்டு அதற்குத் தனியாக இந்தப் பக்கம் போடக் கற்றுக்கொண்டேன்.

இதையெல்லாம் சாயங்காலம் மருமகளிடம் சொல்வேன். முதலில் மீனைக் காட்டிவிட்டு வைத்துவிடுவோம். பிறகு மீனைப் பற்றிப் பேசினோம். பிறகு அவளே, "எனக்கும் மூச்சு வாங்குது அத்தே, மேல வந்து வாய தொறக்கற மீனு மாதிரி கீறேன்" என்றாள். கால் வீங்கியிருப்பதைச் சொன்னாள். எனக்கு மகன் பிறந்தபோது எப்படி இருந்தது என்று கேட்டாள். அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை, சொன்னேன். போன் சூடாகி காதைச் சுட்டது.

கரண்டு போனால் காற்று மோட்டார் நின்றுவிடும். அப்போது ஒரு சொம்பால் தொட்டித் தண்ணீரை எடுத்து உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், காற்று கலப்பதற்கு. ஒரு மத்தியானம் அப்படி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"இன்னாமே, எனக்கு ஒரு நாளாச்சும் இப்டி நின்னு காபி ஆத்திக் குடுத்திருக்கியா?" என்றார் என் கணவர்.

"நீங்க வாய தொறந்து கேக்கறீங்க. அதுங்களால முடியாதே" என்றேன். அவர் எழுந்து வந்து இன்னொரு சொம்பை எடுத்துக்கொண்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தபோது ஒரு விஷயம் பிடிபடாமல் இருந்தது. வாரத்தில் மற்ற நாளெல்லாம் நன்றாக இருக்கிற மீன்கள் சனிக்கிழமை காலையில் மட்டும் நான்குமாகச் சேர்ந்து மேலே வந்து வாயைத் திறந்து நின்றன. தண்ணீரைப் பார்த்தேன், தீனியைப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. சனி பகவானா என்றுகூட நினைத்தேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் நாத்தனார் வழக்கம் போலத் தூபக்காலோடு வந்தார். மருமகள் உண்டானதிலிருந்து அவருக்கு எங்கள் வீட்டைப் பற்றிய பயம் அதிகம். பிள்ளை வரத்துக்குத் திருப்புட்குழிப் பெருமாளிடம் போய் வேண்டிக்கொண்டு வந்ததும் அவர்தான். வெள்ளி தவறாமல் சாம்பிராணி போட்டு மூலை மூலையாகக் காட்டுவார். வந்தவர்கள் கண்ணெல்லாம் பட்டது மீன் மேல்தானே என்று வளைகாப்புக்குப் பிறகு தொட்டிக்கு மட்டும் கூடுதலாகக் காட்டுவார். அன்று நான் பக்கத்திலேயே நின்றேன். தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்த காற்று முட்டைகள் ஒவ்வொன்றும் வெடிக்கும்போது உள்ளிருந்து வெள்ளையாகக் கொஞ்சம் புகை எழும்பியது.

"ஏண்டி, பாத்தியா, பாத்தியா! தண்ணிக்குள்ளேர்ந்து தூபம் வருது பாரு! பெருமாளே!" என்று நாத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கடைக்காரப் பையன் புகை போகிறதா என்று கேட்டது அடுப்பைப் பற்றி இல்லை. தொட்டிக்கு மேல் தட்டில் இருக்கிற மோட்டார், பக்கத்தில் இருக்கிற காற்றை இழுத்து டியூப் வழியாகத் தண்ணீருக்குள் விடுகிறது. காற்று இருந்தால் காற்று, சாம்பிராணி இருந்தால் சாம்பிராணி. வாரா வாரம் மீன்களுக்குப் புகை ஊட்டிக்கொண்டிருக்கிறோம்.

அவர் போன பிறகு வாளியில் வைத்திருந்த தண்ணீரை எடுத்துக் கொஞ்சம் மாற்றிவிட்டேன். அடுத்த வெள்ளிக்கு என்ன செய்வது? மோட்டாரை நிறுத்திவைக்கலாம், ஏன் முட்டை வரவில்லை என்று அவரே சுவிட்சைப் போடுவார். கதவைச் சாத்திவைக்கலாம், வெள்ளிக்கிழமை விளக்கு நேரத்தில் கதவைச் சாத்தினாயா என்று தெருவைக் கூட்டுவார். வாரம் முழுக்க யோசித்தேன். வேறு வழியில்லை, வாயைத் திறந்து சொல்லத்தான் வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் நான் சொன்ன பெரிய வாக்கியம் "சரிங்க அண்ணி" என்பதுதான்.

வெள்ளிக்கிழமை வந்தது. அவரும் வந்தார். பூஜை மாடத்துக்குக் காட்டி, நிலைவாசலுக்குக் காட்டி, தொட்டியைப் பார்த்து வந்தார். நான் போய்த் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

"தள்ளு" என்றார்.

"வேணாம் அண்ணி."

"இன்னா வேணாம்?"

"புகை. மீனுக்கு வேணாம்."

என் கணவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். எதற்கும் குறைக்காதவர்.

"இத்தினி வருசத்துல ஒரு வார்த்த எதுத்துப் பேசுனவ இல்ல நீ. மீனு வந்ததும் வாய் வந்துட்ச்சா ஒனக்கு? நல்லதுக்குத் தானேடி காட்றேன்?"

பின்னால் கண்ணாடி இருந்தது, நகர இடமில்லை. "இந்த மோட்டாரு காத்த இழுத்து உள்ள வுடுது அண்ணி. நீங்க காட்ற புகையும் உள்ளதான் போவுது. நம்மளுக்குப் புகை வந்தா வாசலுக்கு ஓடறோம். அதுங்க எங்க ஓடும்? சனிக்கெழம ஆனா நாலும் மேல வந்து மூச்சுக்குத் தவிக்குது. அந்தப் பொண்ணு என்னை நம்பி வுட்டுட்டுப் போயி கீது" என்றேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் மோட்டாரைப் பார்த்தார். டியூப் எங்கே போகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே போய்ப் பார்த்தார். "அப்போ போன வாரம் முட்டையில புகை வந்துச்சே?"

"அது இதான் அண்ணி."

"அடப்பாவமே. நானு பெருமாளே வந்துட்டாருன்னு இல்ல நெனச்சிக்கினேன்? தெரு பூரா சொல்லிட்டேனேடி!"

என் கணவர் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. "இன்னாடா பல்ல காட்ற?" என்று அவரை அதட்டிவிட்டு நாத்தனாரும் சிரித்தார். தூபக்காலைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனவர், அங்கிருந்தே, "இங்க காட்னா சரியா? காத்து உள்ள வருதா?" என்று கத்திக் கேட்டார்.

அதற்குப் பிறகு என் வேலை பாதியாகிவிட்டது. யாராவது வந்து கண்ணாடிப் பக்கம் விரலை நீட்டினால் நாத்தனார் குரல் அடுத்த வீட்டிலிருந்தே வரும். "யாருடா அது தட்றது? ஒன் மண்டைய ஒருத்தன் தட்டிக்கினே இருந்தா தெரியும்!" பொரி கொண்டுவந்தவர்களிடமிருந்து பொரியை வாங்கி அவரே சாப்பிட்டார்.

பேத்தி பிறந்தாள். போய்ப் பார்த்தோம். மருமகள் களைத்துப் படுத்திருந்தாள். குழந்தையை என் மடியில் கொடுத்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "கருப்பு எப்டி கீது அத்தே?"

"நல்லா கீது, கண்ணு. நல்லா தின்னுது."

அது உண்மைதான் அப்போது. வெயில் காலம் தொடங்கிய பிறகு ஒருநாள் காலையில் பார்த்தால் கருப்பின் வயிற்றில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. மஞ்சள் கரைசல் பட்டதோ என்று நினைத்தேன். சில நாளில் அது விலாவுக்கு ஏறியது. பயந்துபோனேன். நிறம் வெளுப்பதும் மீனுக்குத் தொந்தரவு இருப்பதன் அடையாளம் என்று மருமகள் சொல்லியிருக்கிறாள். போனில் படம் பிடித்துக்கொண்டு மறுபடி உத்திரமேரூர் போனேன்.

"வாங்க லேப்பு ஆயா" என்றான் கடைக்காரப் பையன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். "தின்னுதா?"

"நல்லா."

"துடுப்பு விரிஞ்சி கீதா? மத்ததுங்களோட சுத்துதா? கல்லுல ஒரசுதா?"

"ஒரசல. அது பாட்டுக்கு ஓடிக்கினு கீது."

"அப்போ ஒண்ணியும் இல்ல. வெளுப்ப மட்டும் பாக்கக்கூடாது ஆயா, அது நடந்துக்கிறதையும் சேத்துப் பாக்கணும். வயசு ஆவுது அதுக்கு. சில கருப்பு மீனு இப்டித்தான் பொன்னு நெறமா மாறிடும். ஒங்க தலை வெளுக்கல?"

"திரும்ப கருப்பு ஆவாதா?"

"ஒங்களுக்கு ஆச்சா?"

மனசு லேசாகி வீட்டுக்கு வந்தேன். ஆனால் நாள் ஆக ஆக அந்த லேசு போய்விட்டது. கருப்பு விடாமல் மாறிக்கொண்டிருந்தது. பேத்தி பிறந்த ஐந்தாம் மாதம் மருமகளைக் கூட்டிவர நாள் பார்த்தபோது முதுகிலும் வால் ஓரத்திலும்தான் கருப்பு மிச்சம். மற்றதெல்லாம் பழம்பொன். பச்சைக் குழந்தைக்காரி கவலைப்படக் கூடாது என்று போனில் நான் இதைச் சொல்லவே இல்லை. குழந்தை வந்த பிறகு அவளும் மீனைக் காட்டச் சொல்லவில்லை. இப்போது வந்து பார்த்தால் என்ன நினைப்பாள்? கருப்பு செத்துவிட்டது, மாமியார் வேறு ஒன்றை வாங்கி விட்டு மறைத்துவிட்டாள் என்றுதானே? தான் வளர்த்த மீனை நம்பி ஒப்படைத்ததற்கு இப்படியா என்று தோன்றாதா?

"இதுக்கா மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு கீற? காஞ்சிபுரத்துல நல்ல கருப்பா ஒண்ணு வாங்கியாந்து வுட்டுட்டா முடிஞ்சுது. நானே போறேன்" என்றார் என் கணவர்.

"அப்போ இது?"

"இத ஏரில வுட்டுடலாம்."

"அது இன்னா தப்பு பண்ணுச்சு? நல்லா தின்னுது, நல்லா ஓடுது. கலரு மாறுனதுக்கு ஏரிக்கா அனுப்புவீங்க? அப்டின்னா ஒங்க தலைக்கு ஒங்கள எங்க அனுப்பறது?" என்று கேட்டுவிட்டேன். அவர் சட்டையை மாட்டப் போனவர் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டார்.

மருமகள் வந்த அன்று நாத்தனார் வாசலில் ஆரத்தி சுற்றினார். அவள் வலது காலை வைத்து உள்ளே வந்தாள். குழந்தையை மாமாவிடம் கொடுத்தாள். நேராகத் தொட்டியிடம் போனாள். நான் சமையலறை வாசலில் தூணோடு தூணாக நின்றேன். குனிந்து பார்த்தாள். எண்ணினாள் என்று நினைக்கிறேன், உதடு அசைந்தது. பொன் நிறத்தில் ஒன்று மண்சட்டிக்குள்ளிருந்து வெளியே வந்தது.

"அத்தே" என்றாள். "கருப்பு எங்க?"

எனக்குப் பேச்சு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. வயிற்றில் மஞ்சள் தெரிந்ததிலிருந்து ஆரம்பித்தேன். விலா, கடைக்காரப் பையன், தலை நரைப்பது, தின்பது, துடுப்பு, ஏன் போனில் சொல்லவில்லை, இதுதான் அது, சத்தியமாக இதுதான், வால் ஓரத்தைப் பார், முதுகைப் பார். மூச்சு வாங்க நிறுத்தினேன்.

நாத்தனார்தான் முதலில் பேசினார். "அவ பொய் சொல்ல மாட்டா யம்மா. பேசவே மாட்டா, பொய் எங்கேர்ந்து சொல்லப் போறா?"

மருமகள் என்னைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும் பெரியத்தே. ஏமாத்தணும்னு இருந்தா நல்ல கருப்பா பாத்து வாங்கி வுட்டிருப்பாங்க. இப்டி பாதி தீஞ்ச தோச மாதிரி ஒண்ண யாராச்சும் தேடிக் கண்டுபுடிச்சி வாங்குவாங்களா?"

என் கணவர் குழந்தைக்குக் கூரையில் இருக்கிற ஃபேனை மும்முரமாகக் காட்ட ஆரம்பித்தார்.

அவள் மறுபடி கண்ணாடிப் பக்கம் குனிந்தாள். துடுப்பை விரித்துக்கொண்டு அது அவளுக்கு நேராக வந்து நின்றது. "எவ்ளோ அழகா ஆயிட்ச்சு அத்தே" என்றாள். "இன்னா போட்டீங்க? எப்போ போட்டீங்க? சனிக்கெழம கத மொத்தம் சொல்லுங்க, பெரியத்தேகிட்ட நீங்க எதுத்துப் பேசுனீங்களாமே, நெசமா?"

நான் சொல்ல ஆரம்பித்தேன். அவள் நடுவில் நடுவில் கேட்டாள். அவள் சொல்வதை நான் கேட்டேன். குழந்தை அழுதது, பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள். இரண்டு பேரும் தொட்டிக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

அன்றைக்கு மத்தியானம் சோறு குழைந்து கூழாகிவிட்டது. இலையில் பரிமாறியதும் என் கணவர் அதை விரலால் தள்ளிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் பேசாம இருந்த வரைக்கும் சோறு நல்லா இருந்துச்சு" என்றார்.